விதைக்குப் பக்கத்தில் ஒரு பிடி உரம்: மக்காச்சோளத்துக்குத் தொடக்க உரம் தேவையா?

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் ஒன்று முடிந்து, காபி டம்ளரோடு வெளியே வந்து நின்றபோது, துவாரகாவிலிருந்து வரும் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். பெரம்பலூர்ப் பக்கம் அவருக்கு அப்பா வைத்துவிட்டுப் போன நாலு ஏக்கர் கரிசல் காடு உண்டு. ஊரில் ஒருவர் அதை வாரத்துக்கு உழுகிறார். செலவிலும் விளைச்சலிலும் பாதிப் பாதி என்று பேச்சு.

"சார், நீங்க பாங்க்ல அக்ரிகல்ச்சர் ஆபீசரா இருந்தவர். ஒரு சந்தேகம். புரட்டாசியில மக்காச்சோளம் போடறாராம். விதைக்கிறப்பவே ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டி.ஏ.பி. போட்டாத்தான் பயிர் கிளம்பும்ங்கிறார். எட்டு மூட்டை. பாதிப் பணம் என் பங்கு. அனுப்பலாமா, ஏமாத்தறாரா?"

'அனுப்புங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி. எனக்கும் ஆசைதான். ஆனால் இதே கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி, ஒரு குடும்பத்தின் விதைப்பையே கெடுத்தவன் நான். ஆகவே மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் பேசலாம் என்று நழுவிவிட்டேன். அடுத்த மாதம் அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் நிலத்தை வைத்துக்கொண்டு இங்கிருந்து பணம் மட்டும் அனுப்புகிற மற்ற அன்பர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் தொடக்க உரம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் அடியுரம் என்போம். கடைசி உழவில் தூவுவதும் அடியுரம்தான், பாரில் கோடு கிழித்து இடுவதும் அடியுரம்தான். அமெரிக்கர்கள் 'ஸ்டார்ட்டர்' என்று சொல்வது இதில் ஒரு சின்னப் பகுதி. விதைக்கும்போதே, விதைக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கொஞ்சம் தழைச்சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும் ஒரு கோடாக வைப்பது. அவர்களுடைய விதைப்புக் கருவியிலேயே அதற்கென்று தனிக் குழாய் உண்டு. விதையிலிருந்து பக்கவாட்டில் 2 அங்குலம், கீழே 2 அங்குலம் என்பது அவர்கள் கணக்கு. நம் கையால் அளந்தால் மூன்று விரல் பக்கம், மூன்று விரல் கீழே.

ஏன் இப்படிப் பக்கத்தில் வைக்கவேண்டும்? யூரியாவின் தழைச்சத்து தண்ணீரோடு கரைந்து மண்ணில் ஓடும். வேர் இருக்கும் இடத்துக்கு அதுவே வந்து சேர்ந்துவிடும். மணிச்சத்து அப்படியில்லை. விழுந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பருவம் முழுக்க அது நகரும் தூரம் சில மில்லிமீட்டர்தான். சுண்ணாம்புள்ள மண்ணில் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிப்போகும், செம்மண்ணில் இரும்போடு. ஆக, மணிச்சத்து வேரைத் தேடி வராது. வேர்தான் அதைத் தேடிப் போகவேண்டும்.

முளைத்த மக்காச்சோளக் கன்றுக்கு வேர் எவ்வளவு இருக்கும்? முதல் மூன்று இலை வரும்வரை அது பெரும்பாலும் விதைக்குள் இருக்கும் மாவில்தான் பிழைக்கிறது. தாய்வீட்டுச் சீதனம் மாதிரி. அது தீரும் நேரத்தில் மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டின் கணுவிலிருந்து புது வேர்கள் கிளம்பும். கடைசிவரை பயிரைத் தாங்குபவை அந்த வேர்கள்தான். சீதனம் தீர்ந்து சொந்தச் சம்பாத்தியம் தொடங்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாளில் மண் குளிர்ந்திருந்தாலோ, மண்ணில் மணிச்சத்து குறைவாக இருந்தாலோ, கன்று திண்டாடும். அப்போது பக்கத்திலேயே ஒரு கோடு உரம் இருந்தால் வேர் தொட்டவுடன் கிடைக்கும். தொடக்க உரத்தின் தத்துவம் இவ்வளவுதான். பயிரின் மொத்தத் தேவையில் இந்த நாட்களில் அது எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். அளவு முக்கியமில்லை, இடமும் நேரமுமே முக்கியம்.

இனி என் கதை.

1986-இல் பீகாரில் பேகூசராய் மாவட்டக் கிராமக் கிளை ஒன்றுக்கு என்னை மாற்றினார்கள். பூடி கண்டக் ஆற்றங்கரை. மழைக்காலத்தில் வெள்ளம், வடிந்தபின் வண்டல். அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவரை ரபி மக்காச்சோளம் விதைப்பார்கள். ஏப்ரல், மே மாதத்தில் அறுவடை. நம் ஊரில் நூறு, நூற்றுப்பத்து நாளில் முடிகிற பயிர் அங்கே ஐந்து மாதம் நிற்கும். குளிர்காலத்தின் வெயில் நாட்களும், மழைக்காலத்துப் பூச்சியும் களையும் இல்லாத வயலும் சேர்ந்து, அங்கே மழைக்காலப் பயிரைவிட ரபிப் பயிர் பல மடங்கு நம்பகமானது.

அருகில்தான் சமஸ்திபூர் மாவட்டத்துப் பூசா. தில்லிவாசிகளான நமக்குப் பூசா என்றால் கரோல்பாக் பக்கத்து ரோடு. அந்தப் பெயரே பீகாரிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1905-இல் அந்தப் பூசாவில்தான் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமான பிறகு 1936-இல் தில்லிக்குப் பெயர்ந்தது. பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. நம்மைப் போலத்தான்!

எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. கோயம்புத்தூரில் படித்த பட்டம், பாடப் புத்தகத்தில் படித்த தொடக்க உரம், கையில் கடன் விண்ணப்பப் படிவங்கள். ஒரு பெரியவர், ஆற்றோரம் ஒன்றரை ஏக்கரைப் பிறரிடம் பங்குக்கு எடுத்து உழுபவர், பயிர்க்கடன் வாங்கினார். கலப்பைக்குப் பின்னால் அவர் மருமகள் நடந்து விதை போடுவாள். இன்னொரு பெண் பின்னால் வந்து உரம் போடவேண்டும். இரண்டாவது ஆளுக்குக் கூலி ஏன் என்று எனக்குத் தோன்றியது. "டி.ஏ.பி.யும் கொஞ்சம் யூரியாவும் கலந்து விதையோடு சேர்த்தே போடுங்கள். பக்கத்தில் இருக்க இருக்க நல்லது" என்றேன். பாங்க் சாஹப் சொல்கிறாரே என்று செய்தார்.

பத்து நாள் கழித்துப் போனால் வயல் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. இங்கே நாலு, அங்கே இரண்டு. நடுவில் வெறும் மண். தோண்டிப் பார்த்தோம். விதை முளைத்திருக்கிறது, வேர் நுனி பழுப்பேறிச் சுருண்டு கிடக்கிறது. யூரியா ஈர மண்ணில் அம்மோனியாவாக மாறும். டி.ஏ.பி.யும் கரையும்போது தன்னைச் சுற்றிக் காரத்தன்மையை உண்டாக்கி அம்மோனியாவை விடும். சுண்ணாம்பு நிறைந்த அந்த மண் ஏற்கெனவே காரம். அதில் அம்மோனியா இன்னும் எளிதாகக் கிளம்பும். முளைக்கிற வேருக்கு அது விஷம். உரத்தின் உப்பு வேறு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பரீட்சைக்குத் தெரியும். வயலில் நினைவுக்கு வரவில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. சுருண்ட முளையைக் கையில் வைத்துக்கொண்டு, "பிறந்த குழந்தைக்கு ஊறுகாய் ஊட்டிட்டோமே, சாஹப்" என்றார். 'ஊட்டிட்டீங்களே' என்று சொல்லாமல் 'ஊட்டிட்டோமே' என்று அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. மறுபடி விதை வாங்கி, நவம்பர் கடைசியில் விதைத்தார். குளிர் இறங்கிவிட்டது. பயிர் பிந்தியது, விளைச்சல் குறைந்தது. கடனை அடைக்க ஒரு மாட்டை விற்றார். அந்த ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

மறு வருஷம் அவர்தான் என்னைக் கூப்பிட்டார். அவராகவே ஒரு வழி வைத்திருந்தார். முதல் கலப்பை ஆழமாகச் சால் கிழிக்கும், அதில் உரம். மண் தானாகச் சரிந்து மூடும். அடுத்த கலப்பை பக்கத்தில் மேலாகக் கீறும், அதில் விதை. அளந்து பார்த்தேன். ஏறத்தாழ அதே மூன்று விரல் பக்கம், மூன்று விரல் கீழே! அமெரிக்கக் குழாய் செய்கிற வேலையை இரண்டு மரக்கலப்பை செய்தது. யூரியாவை அந்தச் சாலில் நெருங்கவே விடவில்லை. நானே கேட்டு, வயலின் நடுவில் நாலு வரிசைக்கு மட்டும் அடியில் டி.ஏ.பி. போடாமல் விடச் சொன்னேன். அந்த நாலு வரிசைக்கு நஷ்டம் வந்தால் என் சம்பளத்தில் என்று வாக்கும் கொடுத்தேன்.

டிசம்பர் கடைசியில் மூடுபனி. பகலெல்லாம் சூரியன் தெரியாது. அந்த நாலு வரிசையும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறின. மணிச்சத்து கிடைக்காதபோது இலையில் உண்டாகும் சர்க்கரை செலவாகாமல் தேங்கி, அதிலிருந்து இந்த ஊதா நிறமி உண்டாகிறது. குளிரில் வேர் மெதுவாக வளரும், மணிச்சத்தும் இன்னும் மெதுவாகவே வேரை எட்டும். இரண்டு இடியும் ஒரே தலையில். மற்ற வரிசைகளில் ஓரம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இலை ஊதாவானதைப் பார்த்துப் பதறி, ஜனவரியில் டி.ஏ.பி. வாங்கி மேலே தூவுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காசுக்குப் பிடித்த கேடு. மேலே விழுந்தது மேலேயே கிடக்கும். மண்ணில் மணிச்சத்து போதுமான அளவு இருந்தால், பசந்த பஞ்சமி தாண்டி வெயில் ஏறியதும் வேர் ஓடும், இலை தானே பச்சை பிடிக்கும். சில வீரிய ரகங்களுக்குப் பிறவியிலேயே குளிரில் நிறம் மாறும் குணமும் உண்டு. ஆறு இலை வரும்வரை மக்காச்சோளத்தின் வளர்முனை மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருப்பதால், இளமையில் பட்ட அடியைப் பயிர் ஓரளவு தாங்கி எழுந்துவிடும்.

எங்கள் நாலு வரிசை எழுந்தது, ஆனால் பிந்தி எழுந்தது. பூக்குஞ்சம் மற்றவற்றுக்கு நாலைந்து நாள் கழித்தே வந்தது. கதிரும் சற்றுச் சிறுத்தது. ஆனால் அதே வருஷம், அதே ஊரில், வருஷா வருஷம் டி.ஏ.பி.யும் தொழுவுரமும் கொட்டி வந்த வசதியான ஒருவர் நிலத்திலும் நாலு வரிசை விடச் சொன்னேன். தை மாதம் அங்கேயும் உயரத்தில் வித்தியாசம் தெரிந்தது. அறுவடையில் தனித்தனியாக எடை போட்டோம். ஒரே எடை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த இரண்டு வயல்களுக்குள்ளேயே முழு விடையும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பல்கலைக்கழகங்கள் செய்த சோதனைகளும் பொதுவாக இதைத்தான் சொல்கின்றன. மண்ணில் மணிச்சத்து குறைவு, அல்லது ஏப்ரலில் உழாத குளிர்ந்த நிலத்தில் சீக்கிரம் விதைப்பு என்றால் தொடக்க உரம் தானியமாகத் திரும்பி வரும். மணிச்சத்து ஏறிப்போன, சூடான மண்ணில் அது பெரும்பாலும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றுவிட்டு, தராசில் காணாமல் போகும். ஒன்று உண்டு: பூ சில நாள் முந்துவதால் கதிர் சீக்கிரம் காயும். அறுவடை நேரத்தில் மழை மிரட்டும் இடங்களில் இதுவே ஒரு லாபம்தான். கங்கைக்கரையில் சித்திரை, வைகாசியில் அடிக்கும் புயல்மழையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

பெரம்பலூருக்கு வருவோம். அங்கே புரட்டாசியில் விதைக்கும்போது மண் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆக, பேகூசராயில் சொன்ன குளிர்க் காரணம் அங்கே செல்லாது. மீதி இருப்பது ஒரே கேள்வி: மண்ணில் மணிச்சத்து எவ்வளவு? மண் பரிசோதனைச் சீட்டில் ஓல்சன் முறையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று போட்டிருக்கும். பத்துப் பதினொன்றுக்குக் கீழே என்றால் குறைவு. 22 முதல் 25-க்கு மேல் என்றால் அதிகம். எல்லைக்கோடு மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறும். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டையிலும் இதைப் பார்க்கலாம். நம் வயலிலேயே எடுத்த மண்ணா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நண்பரின் சீட்டில் மணிச்சத்து நடுத்தரம், துத்தநாகம் குறைவு என்று வந்தது.

இப்போது கணக்கு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் தழைச்சத்து 18 சதம், மணிச்சத்து 46 சதம். அதாவது 9 கிலோ, 23 கிலோ. இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு மணிச்சத்து 75 கிலோ. ஏக்கருக்கு 30 கிலோ. ஒன்றேகால் மூட்டைக்குச் சற்று மேல். மானாவாரிக்கு இதைவிடக் குறைவுதான். ஆகவே இரண்டு மூட்டை என்பது எந்தக் கணக்கிலும் அதிகம். வாரக்காரர் ஏமாற்றவில்லை, பயப்படுகிறார். ரபி விதைப்பு நேரத்தில் டி.ஏ.பி. கிடைக்காமல் போவது புதிதல்ல. 2021-இலும் 2024-இலும் வட மாநிலங்களில் விவசாயிகள் வரிசையில் நின்றதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கிடைக்கும்போதே அள்ளிப்போடத் தோன்றுவது இயல்பு.

2022-இல் நிர்ணயித்த மானிய விலைப்படி ஒரு மூட்டை 1,350 ரூபாய். மக்காச்சோளத்துக்கு 2025-26 பருவத்தில் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலையே கிடைத்தாலும், கூடுதலாகப் போடும் ஒவ்வொரு மூட்டையும் ஏக்கருக்கு 56 கிலோ தானியம் அதிகமாகக் கொடுத்தால்தான் போட்ட முதல் திரும்பும். மண்டியில் விலை இறங்கினால் இன்னும் கூட வேண்டும். 25 குவிண்டால் விளையும் ஏக்கரில் 56 கிலோ என்பது நூற்றுக்கு இரண்டேகால். வரப்பில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அது. 'பயிர் தளதளன்னு இருக்கு' என்ற பேச்சை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் ஒரு மூட்டையும் வேண்டாமே என்று நண்பர் கேட்டார். அதுவும் சரியில்லை. நூறு கிலோ மக்காச்சோளம் மண்ணிலிருந்து எடுத்துப்போகும் மணிச்சத்து ஏறத்தாழ அறுநூறு கிராமுக்குச் சற்று மேல். 25 குவிண்டால் விளைந்தால் பதினைந்து, பதினாறு கிலோ போய்விடும். மணிச்சத்து நிறைந்த மண்ணில் ஒரு வருஷம் போடாமல் இருக்கலாம், இரண்டு வருஷமும் இருக்கலாம். நடுத்தர மண்ணில் எடுத்ததைத் திருப்பி வைக்கவேண்டும். அதற்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை தாராளம். டி.ஏ.பி. கிடைக்காவிட்டால் சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டை. 16 சதம் வீதம் 24 கிலோ ஆகிறது, கந்தகமும் இனாமாகச் சேரும். தூக்கிச் சுமக்கும் கூலிதான் அதிகம்.

எங்கே போடுவது என்பதில்தான் நண்பரை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். தூவ வேண்டாம். பாரின் பக்கவாட்டில் கோடு கிழித்து, உரத்தை இட்டு, நாலு விரல் மண் மூடி, அதற்கு மேல் விதை. விதையும் உரமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மானாவாரியில் ஈரம் குறைந்தால் உப்பு இன்னும் கடிக்கும். அங்கே இடைவெளி கூடுதலாகவே இருக்கட்டும். யூரியாவையும் பொட்டாஷையும் விதைச்சாலுக்குள் கொண்டுபோகவே கூடாது.

துத்தநாகக் குறை இருப்பதால் இன்னொன்று. மணிச்சத்தை அளவுக்கு மீறிப் போட்டால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது இன்னும் குறையும். குருத்து இலையின் அடியில் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை விழும். இரண்டு மூட்டை டி.ஏ.பி. போட்டும் பயிர் வெளுத்ததென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தனியே தூவச் சொன்னேன், டி.ஏ.பி.யோடு கலந்தால் இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும்.

மிச்சமாகும் மூட்டைப் பணத்தை என்ன செய்வது? இருபத்தைந்தாம் நாளும் நாற்பத்தைந்தாம் நாளும் போடும் தழைச்சத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். மக்காச்சோளத்துக்கு உண்மையான பசி அப்போதுதான். 2018-இல் அந்தப் பக்கத்துக் காடுகளை மேய்ந்துவிட்டுப் போன படைப்புழு மறுபடி வந்தால் மருந்துக்கும் கையில் காசு வேண்டும்.

கடைசியாக, நடுக்காட்டில் ஆறு வரிசைக்கு அடியுரம் போடாமல் விட்டு, அறுவடையில் தனியாக எடை போடச் சொன்னேன். நண்பர் அங்கேயே ஊருக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட வாரக்காரர், ஆறு வரிசை என்றதும் குரலை உயர்த்தினார்.

"சும்மா விடச் சொல்றீங்களா தம்பி? அதுல வெள்ளாமை கொறைஞ்சா?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கொறைஞ்சா, கொறைஞ்சதுல உங்க பங்கை நான் தந்துடறேன் அண்ணே."

மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "அப்பச் சரி. ரோட்டோரமா வேணாம், போறவன் வர்றவனெல்லாம் என்னன்னு கேப்பான். நடுக்காட்டுலயே விடுறேன். ரெண்டு முனையிலயும் கம்பு நட்டு வச்சிடறேன், மறந்துபோவும்" என்றார்.